பெத்லகேமில் நின்ற டைனோசர்

மக்கா,

உன் செய்தி வந்தது. கிறிஸ்துமஸுக்கு மூன்று பேரும் வருகிறீர்கள், இங்கே நான்கைந்து நாள் இருந்துவிட்டு மருமகளின் அம்மா வீட்டுக்குப் பஞ்சாப் போகிறீர்கள் என்று வாசித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்கு அடுத்த வரியில், "அப்பா, இந்த வருசம் குடில்ல டைனோசர் ஒண்ணும் செய்யாண்டாம், எவ்லினுக்கு இப்ப அதுல இன்ட்ரஸ்ட் இல்ல" என்று எழுதியிருந்தாய். அதை வாசிக்கும்போது நான் முற்றத்தில்தான் நின்றேன். எனக்கு முன்னால் கம்பியும் கோழிவலையுமாக ஒரு டைனோசர் பாதி உடம்போடு நின்றது. உடனே பதில் போடத் தோன்றவில்லை. குரல் பதிவு அனுப்பினால் நீ வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்பாய், அப்போது நான் எலி கீச்சிடுகிற மாதிரி பேசி முடித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். என் பேத்திக்கும் எனக்கும் நடுவில் இருந்த ஒரே பேச்சு நின்றுபோய்விட்டது. அது எனக்குத் திரும்ப வேண்டும். இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான். நம் கோவில் பங்கின் கிறிஸ்துமஸ் மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், இதையே கொடுத்துவிடலாம் என்றுகூட நினைக்கிறேன். நம் தெருவில் பாதி வீட்டில் இதே கதைதான். கனடா இல்லையென்றால் துபாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் அம்மா போனபிறகு இந்த வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது என்று சொன்னால் உனக்கு விளங்காது. நீ வருகிறபோதெல்லாம் சத்தமாகத்தான் இருக்கும். நீ ஏறிப்போன பிறகு வீடு எப்படி இருக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்? காலையில் முட்டம் துறைக்குப் போய் மீன் வாங்குகிறேன். ஒரு ஆளுக்கு என்று கேட்டால் மீன்காரி சிரிக்கிறாள். "ஒத்தை ஆளுக்கு எப்பிடி அண்ணே கூறு வைக்கது?" என்று அவள் பாட்டுக்கு அள்ளிப் போடுகிறாள். பாதியைப் பூனைக்குக் கொடுக்கிறேன். தோள்பட்டை வலிக்குப் பிறகு எஞ்சின் கழற்றுகிற வேலையை விட்டுவிட்டேன். முன்பெல்லாம் அவுட்போர்டு எஞ்சின் ஒன்று நின்றுபோனால் வள்ளக்காரர்கள் என்னைத் தேடிக் கரையெல்லாம் அலைவார்கள், இப்போது டீக்கடையில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். டிவியை ஓடவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. மனுஷக் குரல் ஒன்று கேட்டால் போதும். இதையெல்லாம் நீ வருத்தப்பட வேண்டும் என்று எழுதவில்லை. உங்கள் போன் வருகிற சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு எப்படிப்பட்டதாக இருந்தது என்று சொல்வதற்காக எழுதுகிறேன்.

எவ்லின் பேசப் பழகிய நாளிலிருந்தே அவளுக்குத் தமிழ் இல்லை. நீ தமிழ், மருமகள் பஞ்சாபி, அதனால் வீட்டில் இங்கிலீஷ். அதற்கு யாரைக் குறை சொல்வது? மருமகள் பாவம், போனில் என்னைப் பார்த்ததும் "சாப்டாச்சா?" என்று கேட்கப் பழகியிருக்கிறாள். அதற்குமேல் அவளுக்கும் தெரியாது. குழந்தைக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல், என்னைக் கூப்பிடுகிற 'பாட்டா'. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எஞ்சினில் இருக்கிற சாமான்களின் பெயர். கார்பரேட்டர், பிஸ்டன், ஸ்பார்க் பிளக் என்று பேத்தியிடம் எவ்வளவு நேரம் பேச முடியும்? நீ போனை அவள் கையில் கொடுப்பாய். அவள் என்னைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன், இரண்டு பேரும் கையை ஆட்டுவோம். பிறகு அவள் ஓடிவிடுவாள். ஒரு சனிக்கிழமை அவள் ஓடாமல், மூன்று கொம்பு வைத்த பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைப் போனுக்கு முன்னால் நீட்டி "ட்ரைசெராடாப்ஸ்" என்றாள். நான் "டைசர்டாப்பு" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி வாயை அகலத் திறந்து திறந்து அதைத் திரும்பச் சொன்னாள். அன்றைக்கு ஒருவழியாக நான் சரியாகச் சொன்னதும் கைதட்டினாள் பார், உன் அம்மா இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருப்பாள்.

அந்தப் பெயர் உனக்கும் ஒன்றுதான், எனக்கும் ஒன்றுதான், பஞ்சாபில் இருக்கிற அவள் பாட்டிக்கும் ஒன்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே பிடித்துக்கொண்டேன். யூடியூபில் தேடித் தேடிப் பார்த்தேன். தமிழில் போடுகிறவர்களில் பாதிப் பேர் படத்தில் வந்ததையே உண்மை என்று அளக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே எனக்குச் சில மாதம் ஆனது. டீக்கடையில் உட்கார்ந்து "பாராசாரோலோஃபஸ்" என்று வாய்க்குள் சொல்லிப் பழகுவேன். "என்னவே, அந்தோணியாருக்கு நேர்ச்சையா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன், தொடங்கியது பிள்ளைக்காகத்தான் என்றாலும் போகப்போக எனக்கே பிடித்துவிட்டது. எவரும் கண்ணால் பார்க்காத ஒன்றை, ஒரு தொடை எலும்பும் கொஞ்சம் பல்லும் வைத்து, இது இப்படி நின்றது, இதைத் தின்றது என்று சொல்கிறார்களே, அது மெக்கானிக் வேலைதான். பாதி சாமான் இல்லாத எஞ்சினைக் கொண்டுவந்து போட்டு, இது எப்படி ஓடியிருக்கும் என்று கேட்டால் நானும் அப்படித்தானே சொல்வேன்? தப்பாகவும் சொல்வேன். அவர்களும் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள், பிறகு இன்னொரு எலும்பு கிடைத்ததும் மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பண்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் கடற்கரையில் ஒரு தடவை சொன்னதை மாற்றிச் சொன்ன ஆளை நீ பார்த்திருக்கிறாயா?

முதல் டைனோசரைக் குடிலில் வைத்த கிறிஸ்துமஸ் உனக்கு நினைவிருக்கும், நீ போனில் பார்த்தாய். அதற்கு முந்தைய வருடம், உன் அம்மா போன துக்கத்தில் குடிலே கட்டவில்லை. அந்த வருடம் பிள்ளைக்குக் காட்டுவதற்காகக் கட்டினேன். பக்கத்து வீட்டு சேவியர்தான் கூட நின்றான். அவன் வள்ளத்துக்கு ஃபைபர் ஒட்டுகிறவன். கம்பி வளைத்து, கோழிவலை சுற்றி, வள்ளத்தில் ஓட்டை அடைக்கிற அதே ஃபைபர் மேட்டும் ரெசினும் போட்டு உடம்பு செய்தோம். பழைய காரின் வைப்பர் மோட்டாரை வைத்துத் தலை ஆடும்படி செய்தேன். நான் வீடியோவில் பார்த்த எத்தனையோ விலங்குகளில் எனக்குப் பிடித்தது கழுத்து நீண்டு, நாலு துடுப்போடு கடலில் நீந்துகிற ஒன்று. சேவியருக்கும் அதுதான் பிடித்தது. "கால் வச்சா பல்லி கணக்கா இருக்கும் அண்ணே. துடுப்பு வச்சாத்தான் ஒரு எடுப்பு" என்றான். கடற்கரைக்காரன் புத்தி வேறு எப்படிப் போகும்? மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில், நீலத் தாள் விரித்த கடலில் அதை நிறுத்தினோம். வந்து பார்த்த ஊரெல்லாம், டைனோசர் என்றால் இதுதான் டைனோசர் என்றது.

வீடு மந்திரிக்க வந்த பங்குத்தந்தை குடிலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "எல்லாம் சரி, இது எப்படி பெத்லகேமுக்கு வந்துச்சு?" என்று கேட்டார். சேவியர்தான் சொன்னான்: "ஃபாதர், இதுக்குள்ள நம்ம லைட்ஹவுஸ் நிக்கு, வள்ளம் கிடக்கு, அங்கன ரயிலு ஓடுது. அதெல்லாம் வந்த வழியிலதான் இதுவும் வந்துது." அவர் சிரித்துவிட்டு அதன்மேலும் கொஞ்சம் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். ஆனால் அன்று சாயங்காலம் போனில் எவ்லின் பார்த்தாளே, அவள்தான் சரியான பரிசோதகர். முதலில் கத்திக் குதித்தாள். அப்புறம் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்துவிட்டு, விரலை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். "கடல்ல இருக்கது டைனோசர் இல்லியாம் அப்பா. அது வேற வகையாம்" என்றாய் நீ. நான் போய்த் தேடிப் பார்த்தேன், பிள்ளை சொன்னது சரி. அந்தக் காலத்தில் கடலில் நீந்தியவை டைனோசர் கணக்கில் வராது. அரியலூர்ப் பக்கம் கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று ஊரே பேசியதாகவும், வந்து பார்த்தவர்கள் அது கடல் உயிரிகளின் ஓடு கல்லாகிப் போனது என்று சொன்னதாகவும் ஒரு வீடியோவில் பார்த்தேன். அதைப் பார்த்தபிறகுதான் மனம் ஆறியது. எங்களை மாதிரி ஏமாந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்த வருடம் கால் வைத்துச் செய்தேன். வால் தரையில் கிடந்தது. அதற்கும் விரலை ஆட்டினாள். வால் தரையில் படக்கூடாதாம். காலடித் தடங்கள் கல்லாகிக் கிடக்கின்றன, அவற்றின் பின்னால் வால் இழுபட்ட கோடு அநேகமாக எங்கேயும் இல்லையாம். எவ்வளவு எளிதான கணக்கு! ஆனால் அருங்காட்சியகத்தில் எலும்பைக் கோத்து நிறுத்தியவர்களே நீண்ட காலம் வாலைத் தரையில்தான் போட்டிருந்தார்களாம். நான் வாலை அறுத்து, உள்ளே கம்பி கொடுத்துத் தூக்கினேன். பின்பாரம் ஏறி முழு உடம்பும் மல்லாந்தது. தலையில் பாரம் வைத்து, இடுப்பில் தாங்கலை மாற்றி, ஒருவழியாக நேராக நிறுத்தியபோது, அது ஓடிவருகிற மாதிரி இருந்தது. இந்த விலங்கு இப்படித்தான் நின்றிருக்கும் என்று என் கைக்கே விளங்கியது. அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? பேத்தியிடம்தான் சொல்ல வேண்டும், அவளுக்குத்தான் அது புரியும். போனை வாலுக்குக் கீழே கொண்டுபோய் இடைவெளியைக் காட்டினேன். கைதட்டினாள். பிறகொரு நாள் சேவியர் வீட்டுச் சேவல் முற்றத்தில் நுழைந்தபோது, பறவையெல்லாம் டைனோசர் வம்சம்தான் என்று நான் படித்திருந்ததால், போனைச் சேவல் பக்கம் திருப்பி "டைனோசர்!" என்றேன். "யெஸ் பாட்டா! யெஸ்!" என்று அவள் கத்திய கத்தலில் சேவல் வேலியைத் தாண்டிவிட்டது. மொழி எதற்கு என்று அன்று நினைத்தேன்.

மொழி எதற்கு என்று இன்னொரு நாள் தெரிந்தது. அவள் ஒரு படம் வரைந்து காட்டினாள். வானத்திலிருந்து பெரிய கல் விழுகிறது, கடல் மலை மாதிரி எழும்புகிறது, டைனோசர்கள் ஓடுகின்றன. அப்படித்தான் அவை அழிந்தன, அலையும் வந்தது என்று நீ சொன்னாய். அவளைப் பார்த்து நான் பேச ஆரம்பித்துவிட்டேன். "மக்களே, பாட்டாவும் அலை பார்த்தவனாக்கும். கிறிஸ்துமஸுக்கு மறுநாளு. நானும் உங்கப்பனும் கரையில நிண்ணோம். கடலு உள்ளே போச்சு, போனது திரும்பி வருகதை நான் பாத்தேன். இவன் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு மேட்டுக்கு ஓடினேன். ஒத்தைச் செருப்போட ஓடி வாறான், மத்த செருப்பு வேணும்னு அழுகான். உன் பாட்டி கோவில் படியில நிண்ணு எங்க ரெண்டு பேர் பேரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, எங்களைக் கண்ட பிறகும் நிறுத்தத் தெரியாம கூப்பிட்டா. அதுக்குப் பிறகு கொஞ்ச நாளு அவளுக்குச் சத்தமே வரல்ல." இவ்வளவும் சொன்னேன். இன்னும் சொன்னேன். திரும்பி வராதவர்களின் பெயரையும் சொன்னேன். அவள் வாயைத் திறந்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தியதும் உன் பக்கம் திரும்பினாள். நீ ஒரே வரியில் ஏதோ சொன்னாய். 'பிக் வேவ்' என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அவள் "கூல்" என்று சொல்லிவிட்டுப் படத்துக்கு வண்ணம் தீட்டப் போய்விட்டாள்.

பிள்ளை பயந்துவிடும் என்று நினைத்துத்தான் சுருக்கியிருப்பாய். இல்லாவிட்டால் உனக்கே அந்த நாளைத் திரும்பச் சொல்ல வாய் வந்திருக்காது. நான் உன்மேல் கோபப்படவில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீ ஒரு சல்லடை மாதிரி நிற்கிறாய் மக்கா. நான் எவ்வளவு கொட்டினாலும் உனக்குச் சரியென்று படுவதுதான் கீழே விழும். நல்ல எண்ணத்தோடுதான் நிற்கிறாய், அதுதான் எனக்குச் சொல்லவும் முடியவில்லை.

போன மாதம் அவள் போனில் வந்தாள். தலைமுடியை உயர்த்திக் கட்டியிருந்தாள், வளர்ந்துவிட்டாள். நான் வழக்கம்போல "ட்ரைசெராடாப்ஸ்!" என்று கூவினேன். எங்களுக்குள் வணக்கம் சொல்வது அப்படித்தான். அவள் உன்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். சின்னக் குழந்தை ஏதாவது உளறினால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. பிறகு ஏதோ கேட்டாள். அங்கே மழையா என்று கேட்கிறாள் என்றாய். ஆமாம், மழை என்றேன். அவ்வளவுதான். எனக்கு அப்படியே அழுகை வந்துவிட்டது, கேமராவை உத்தரத்தின் பக்கம் திருப்பிவிட்டேன். சிக்னல் சரியில்லை என்று நீ நினைத்தாய்.

பிள்ளைகள் வளர்ந்தால் பொம்மையை விடத்தான் செய்வார்கள், அது எனக்குத் தெரியாதா? ஆனால் நான் விட்டுவிட்டு எங்கே போவேன்? என்னிடம் இருந்தது அந்த ஒரு பேச்சுத்தானே. முற்றத்தில் நிற்பதை என்ன செய்ய என்று சேவியர் கேட்டான். நான் வேலையை நிறுத்தவில்லை. அவளுக்குப் பிடிக்காமல் போனால் போகட்டும், எனக்கு இன்னும் பிடிக்கிறது, ஊருக்கும் பிடிக்கிறது. நேற்று அதன் தொண்டைக்கு வலை சுற்றும்போது ஒன்று தோன்றியது. சினிமாவில் அவை போடுகிற உறுமல் எல்லாம் யாரோ ஸ்டூடியோவில் செய்தது. எலும்பு கிடைத்திருக்கிறது, பல் கிடைத்திருக்கிறது, முட்டையும் காலடியும்கூடக் கிடைத்திருக்கின்றன. குரல் எப்படி இருந்தது என்று கேட்டால் ஊகம்தான். நாளைக்கு நான் போய்விட்டால் அவளிடம் என் போட்டோ இருக்கும், ஆடுகிற தலையோடு குடிலின் வீடியோ இருக்கும். பாட்டா எப்படிப்பட்டவர் என்று கேட்டால் நீ ஒரு வரி சொல்வாய். நான் பேசினது ஒரு சொல்லும் அவளுக்குள் இருக்காது. அதை நினைத்தால் எனக்குச் சாவைவிடப் பயமாக இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். நீங்கள் பஞ்சாபுக்குப் போகும்போது எவ்லினை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வந்து கூட்டிக்கொண்டு கனடாவுக்குப் போங்கள். நீ என்னென்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். காரம் தின்ன மாட்டாள், கொசு கடிக்கும், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, கடல் பக்கத்தில் இருக்கிறது. காரம் போடாமல் சமைக்கிறேன். சேவியர் மனைவி எவ்லின் வயதுள்ள இரண்டு பெண்களை வளர்த்துக்கொண்டிருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள். கடலைப் பற்றி எனக்கு நீ சொல்ல வேண்டாம். மருமகள் தயங்குவாள், பெற்றவள் தயங்கத்தான் செய்வாள். இந்தக் கடிதத்தை ஒரு வரியாகச் சுருக்காமல் அவளுக்கு முழுக்க வாசித்துக் காட்டு. எவ்லினையும் கேள். அவளுக்கு மனம் இல்லையென்றால் வற்புறுத்த வேண்டாம், நான் வாய் திறக்க மாட்டேன்.

சம்மதித்தால், முதல் நாள் கண்டிப்பாக அழுவாள். எனக்கும் என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாது. பசிக்கும், தண்ணீர் வேண்டியிருக்கும், கால் முள்ளில் குத்தும். அதையெல்லாம் என்னிடம்தான் கேட்டாக வேண்டும், நானும் அவளிடம்தான் சொல்லியாக வேண்டும். நீ பக்கத்தில் இருந்தால் இரண்டு பேரும் உன் முகத்தைத்தான் பார்ப்போம். இத்தனை வருடமும் நீ வர வேண்டும், வந்தால் போகக்கூடாது என்றுதான் மாதாவிடம் கேட்டேன். இப்போது உன்னைப் போகச்சொல்லிக் கேட்கிறேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். உங்கள் கார் கிளம்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்பாள். எனக்கு அது புரியாது, நான் முழிப்பேன், கண்ணாடி வழியாக நீ அதைப் பார்ப்பாய். அப்போது வண்டியை நிறுத்தி இறங்கி வந்து அதற்கு அர்த்தம் சொல்லிவிடாதே. போய்விடு மக்கா.

உன் அப்பா